கோஜோ வேறு, கோஜொ வேறு: வேலைக்குப் போகிறவர்களுக்கான ஜப்பானிய மொழிப் பாடம்



நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். வரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அடுத்தவரை நம்பியிருக்கக் கூடாது என்பதே காரணம். அரை மாதத்துக்குள் அவர் கற்றுக்கொண்டதாக திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழி படிப்பதற்கும் இதே காரணம் பொருந்தும். தன் ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் தானே படிக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

இப்போது ஏன் இந்தப் பாடம்?

ஜப்பானில் முதியோர் கூடிவிட்டார்கள். வேலை செய்ய ஆள் போதவில்லை. 2019 ஏப்ரலில் அந்த நாடு 'தொகுதெய் கினோ' என்ற பெயரில் தனித்திறன் தொழிலாளர் விசாவைத் தொடங்கியது. இந்தியா 2021 ஜனவரியில் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. தொழிற்சாலை உற்பத்தி, முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டடத் துப்புரவு எனப் பல துறைகளுக்கு இது உண்டு. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் ஐந்து ஆண்டுகளில் 50,000 திறன்மிக்க இந்தியர்களை ஜப்பானுக்கு அனுப்ப இலக்கு வைத்தன.

நாட்டை விட்டுப் போகாதவர்களுக்கும் இந்த மொழி உதவும். மாலூரைத் தாண்டி நரசாபுராவில் ஹோண்டா இருக்கிறது. பிடதியில் டொயோட்டா இருக்கிறது.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்

ஓசூரில் டிவிஎஸ் 2001 வரை சுசுகியோடு கூட்டாக வண்டி தயாரித்தது. 2002ல் அதே டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. அதனால் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகும் அண்ணன், மாமா யாரைக் கேட்டாலும் '5எஸ்' என்றால் என்னவென்று சொல்வார். அந்த ஐந்தும் ஜப்பானியச் சொற்கள்தான்.

ஸெய்ரி – வேண்டாததைப் பிரித்து அகற்றுதல்
ஸெய்தோன் – வேண்டியதை அதனதன் இடத்தில் வைத்தல்
ஸெய்ஸோ – சுத்தம் செய்தல்
ஸெய்கெத்ஸு – அந்தச் சுத்தத்தை நிலையாகக் காத்தல்
ஷித்ஸுகே – ஒழுங்கைப் பழக்கமாக்குதல்

'கைஸென்' என்றால் மேம்படுத்துதல். 'கென்பா' என்றால் வேலை நடக்கும் இடம். ஷாப் ஃப்ளோர் என்று நாம் சொல்வது.

வாக்கியம் நம் வாக்கியம் போலத்தான்

ஜப்பானிய மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும், தமிழைப் போல, வீட்டில் பேசும் உருதுவைப் போல. நம்முடைய 'க்கு' என்பதற்கு அங்கே 'நி'.

ஹச்சிஜி நி – எட்டு மணிக்கு
கைஷா நி – கம்பெனிக்கு
இகிமஸ் – போகிறேன்

மூன்றையும் அதே வரிசையில் சேர்த்தால் 'எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போகிறேன்' என்று ஆகிவிடும். கேள்வியாக்க, நாம் கடைசியில் 'ஆ' சேர்ப்பது போல அவர்கள் 'கா' சேர்ப்பார்கள். 'இகிமஸ் கா?' என்றால் 'போகிறீர்களா?'

வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம் என்று வளரும் பேரிகைப் பிள்ளைக்கு இன்னொரு மொழி மலைப்பாக இருக்காது. மதரஸாவில் அலிஃப், பா எழுதிப் பழகிய கை 46 ஹிரகானா எழுத்துகளையும் எழுதும். பிறமொழிப் பெயர்களை எழுத கதகானா என்ற இன்னொரு வரிசை உண்டு. உங்கள் பெயரும் அதில்தான் எழுதப்படும்.

ஒலியில் கவனம்

இந்தப் பாடத்தின் தமிழ் எழுத்து ஒரு ஊன்றுகோல் மட்டும். ஒலிப்பதிவைக் கேட்டே சொற்களைப் பழக வேண்டும். 'கின்' என்ற சொல்லைப் பாருங்கள். 'கல்' என்பதில் வரும் க ஒலியோடு சொன்னால் தங்கம். 'கவர்ன்மென்ட்' என்பதில் வரும் க ஒலியோடு சொன்னால் வெள்ளி!

குறில், நெடிலும் பொருளை மாற்றும். 'ஒபசான்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாசான்' என்றால் பாட்டி. 'கோஜோ' என்று இரண்டையும் நீட்டினால் தொழிற்சாலை. 'கோஜொ' என்று கடைசியைக் குறுக்கினால் சம்பளப் பிடித்தம். தமிழில் குறில், நெடில் படித்த நமக்கு இது எளிது.

தொழிற்சாலைச் சொற்கள்

ஷிகொதோ – வேலை
கிகாய் – மெஷின்
புஹின் – உதிரி பாகம்
கென்ஸா – இன்ஸ்பெக்ஷன்
ஃபுர்யோஹின் – ரிஜெக்ட் ஆன பொருள்
நிக்கின் – பகல் ஷிப்ட்
யகின் – நைட் ஷிப்ட் (நம் 'யகீன்' வேறு!)
க்யூகெய் – இடைவேளை
யசுமி – விடுமுறை, லீவு

ஜப்பானியக் கம்பெனிகள் வலியுறுத்தும் பழக்கம் ஒன்று உண்டு: ஹோகொகு (மேலாளரிடம் தெரிவித்தல்), ரென்ரகு (மற்றவர்களுக்குத் தகவல் சொல்லுதல்), ஸோதன் (ஆலோசனை கேட்டல்). மூன்றின் முதல் அசைகளையும் சேர்த்து 'ஹோரென்ஸோ' என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பாலக் கீரை என்றும் பொருள். கீரையை நினைத்தால் மூன்றும் நினைவுக்கு வரும்.

உயிரைக் காக்கும் சொற்கள்

அபுனாய்! – ஆபத்து, பார்த்து!
தொமரே – நில்
கிகென் – அபாயம்
ச்சூய் – எச்சரிக்கை
ஹிஜோகுச்சி – அவசர வழி
கெகா – காயம்
இதாய் – வலிக்கிறது

இதில் பலரும் தவறும் இடம் 'ஹாய்' என்ற சொல். அதை 'ஆமாம்' என்று படிக்கிறோம். ஆனால் பேச்சுக்கு நடுவே வரும் 'ஹாய்', 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று மட்டும் பொருள்படலாம். புரியாமல் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டிவிட்டு பிரஸ் மெஷின் பக்கம் போனால் இழப்பது விரலாக இருக்கும். ஆகவே முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு வாக்கியங்கள்:

வகரிமஸென் – புரியவில்லை
மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமஸ் – தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள்

இதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். வேலையில் அடிபட்டால் அதற்கென உள்ள காப்பீட்டின் பெயர் 'ரோஸாய்'. வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அது உண்டு.

உழைப்பின் கூலியைக் காக்கும் சொற்கள்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுத்தில் இல்லாத பேச்சை நம்பி ஊர் விட்டு ஊர் போகக் கூடாது.

(கீழே 'ஸ' என்று தொடங்கும் சொற்களில் அந்த ஒலியை, அரபியில் 'ஸகாத்' என்று ஓதும்போது வரும் முதல் ஒலியாகச் சொல்லுங்கள்.)

கெய்யகுஷோ – ஒப்பந்தப் பத்திரம்
க்யூர்யோ – சம்பளம்
க்யூர்யோ மெய்ஸாய் – சம்பளச் சீட்டு
ஜிக்யூ – ஒரு மணி நேரக் கூலி
ஸங்க்யோ – ஓவர்டைம்
ஸெய்கின் – வரி
கென்கோ ஹொகென் – மருத்துவக் காப்பீடு
நென்கின் – பென்ஷன்
யச்சின் – வாடகை
தெதோரி – கைக்கு வரும் தொகை

ஜப்பானியச் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 40 மணி. அதற்கு மேல் செய்யும் ஸங்க்யோவுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் கூலி தர வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை செய்யும் வேலைக்கும் 25 சதவீதம் கூடுதல். தொகுதெய் கினோ விசாவில் அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும். இதில் குறை வந்தால் புகார் சொல்லும் அரசு அலுவலகம் 'ரோதோ கிஜுன் கந்தொகுஷோ'.

முகவர் சொல்லும் தொகை பெரும்பாலும் க்யூர்யோ. வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது தெதோரியில்தான். 'மாதம் எவ்வளவு?' என்று கேட்காமல் 'தெதோரி எவ்வளவு?' என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் 'ஜூமின்ஸெய்' என்ற உள்ளூர் வரியும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாஸ்போர்ட்டும் 'ஸய்ர்யூ கார்டு' என்ற தங்குமிட அட்டையும் எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

தொழுகையும் உணவும்

புதனிகு – பன்றி இறைச்சி
சகே – மது
மிரின் – சமையலில் சேர்க்கும் மது

'புதனிகு வா தபெமஸென்' என்றால் 'பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன்'. மதிய இடைவேளையில் தொழ அனுமதி கேட்க: 'ஹிருக்யூகெய் நி ஒஇனொரி ஷிதெமோ ஈ தெஸ் கா?' இதை வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ஜப்பானில் பள்ளிவாசல்கள் உண்டு. கோபே நகரப் பள்ளிவாசல் 1935ல் திறக்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் இந்திய வியாபாரிகளும் இருந்தார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

தொகுதெய் கினோவின் முதல் நிலையில் மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரைதான் தங்கலாம். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. மொழித் தேர்வில் என்4 அல்லது அதற்கு இணையான ஜே.எஃப்.டி. தேர்வு, அதோடு தொழில் தேர்வு ஆகியவற்றில் தேற வேண்டும். என்5, என்4 தேர்வுகள் சென்னையிலும் பெங்களூரிலும் நடக்கின்றன. 'தேர்வே வேண்டாம், பணம் கட்டினால் போதும்' என்று சொல்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மத்திய அரசில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி தனி. முகவரின் பதிவை இமைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இலட்சங்களைக் கட்டிவிட்டுப் போகும் பிள்ளை, அநியாயம் நடந்தாலும் கடனுக்குப் பயந்து வாய் திறக்காது. முதலில் மொழி, பிறகு ஒப்பந்தம், கடைசியில் பணம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பயிற்சி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்யுங்கள்.

1. ஒரு சம்பளச் சீட்டில் க்யூர்யோ 1,90,000 யென். ஸெய்கின் 4,000, கென்கோ ஹொகென் 9,500, நென்கின் 17,500, யச்சின் 25,000. கோஜொ மொத்தம் எவ்வளவு? தெதோரி எவ்வளவு?
2. 'எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போகிறேன்' என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள்.
3. மேலாளர் சொன்னது புரியவில்லை. என்ன சொல்வீர்கள்?

விடைகள்: 1. கோஜொ 56,000 யென். தெதோரி 1,34,000 யென். 2. ஹச்சிஜி நி கோஜோ நி இகிமஸ். 3. வகரிமஸென். மோ இச்சிதோ ஒனெகாய் ஷிமஸ்.

நாளைக்கு ஐந்து சொல் வீதம் படித்தால் இந்தப் பாடத்தின் சொற்கள் இரண்டு வாரத்துக்குள் மனதில் நிற்கும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்கு ஹலாலான சம்பாத்தியத்தையும், தம் உரிமையை அறியும் கல்வியையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.