பாடசாலைக்கு இணையப் பெயர் வாங்கிக் கொடுக்கிறீர்களா? உறுதி யார் பெயரில்?

நமது வர்த்தகர்களில் பலர் தாம் படித்த பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள். முன்பு கதிரை, மேசை, தண்ணீர்த் தாங்கி வாங்கிக் கொடுத்தார்கள். இப்போது "ஒரு வெப்சைட் செய்து தாருங்கள் ஹாஜியார்" என்று அதிபரே கேட்கிறார். நாமும் தெரிந்த ஒரு பையனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கடைக்குக் காணி வாங்கும்போது உறுதியை நாலு பேரிடம் காட்டிப் பார்க்கும் நாம், இந்த விடயத்தில் மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

நல்லூர்ப் பக்கம் டியூட்டரி நடத்தும் என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் படித்த மாணவன் ஒருவன் ஆசையோடு இணையத்தளம் ஒன்றைச் செய்து கொடுத்தான். பெயரைத் தன் கடனட்டையில், தன் மின்னஞ்சல் முகவரியில் வாங்கினான். நண்பர் அந்த முகவரியைப் பெயர்ப்பலகையிலும் ரசீதுப் புத்தகத்திலும் பாடக்குறிப்புகளின் அட்டையிலும் அச்சடித்தார். பையன் வேலை கிடைத்து மத்திய கிழக்குக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பெற்றோர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சேர், உங்கட சைட்டில சூதாட்ட விளம்பரம் வருதே" என்றார். பெயரின் தவணை முடிந்திருக்கிறது, யாரும் புதுப்பிக்கவில்லை, முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டபோது பல நூறு டொலர் விலை சொன்னார். நண்பர் அதைக் கைவிட்டார். பலகையையும் புத்தகங்களையும் மாற்றிய செலவு வேறு.

பையன் மோசக்காரன் அல்ல. நண்பரும் ஏமாளி அல்ல. தாம் வாங்கியது என்னவென்று இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இணையத்தளம் என்பது மூன்று தனித்தனிச் சரக்கு. டொமைன் நேம் எனப்படும் பெயர் ஒன்று, பக்கங்களை வைத்திருக்கும் கணினி இடமான ஹொஸ்டிங் இன்னொன்று, வடிவமைப்பு மூன்றாவது. வடிவமைப்புப் பிடிக்காவிட்டால் மாற்றலாம். ஹொஸ்டிங் கொம்பனி சரியில்லை என்றால் வேறிடம் போகலாம். பெயர் கைவிட்டுப் போனால்தான் எல்லாம் போய்விடும். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பில் வருவதால், அநேகமானோர் பெயரைத் தனியாகக் கவனிப்பதே இல்லை.

அந்தப் பெயரும் அறுதியாக விற்கப்படுவதில்லை. அது குத்தகை. டொட் கொம் போன்ற பெயர்களை ஒரு வருடம் முதல் கூடியது பத்து வருடம் வரை பதியலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். தவணை முடிந்தவுடனே பெயர் போய்விடாது. பதிவு செய்து கொடுத்த கொம்பனி கூடியது 45 நாள் வரை அதை வைத்திருக்கலாம். அதன்பின் ஒரு 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் அழிக்கப்பட்டு, யாரும் வாங்கக்கூடியதாகிவிடும். ஆனால் தவணை முடிந்த பெயர்களை அழியும் வரை காத்திராமல் ஏலத்தில் விடும் கொம்பனிகளும் உண்டு. எனவே அந்த நாட்களை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

தவணை முடிவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது உலகளவில் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதி. நினைவூட்டல் போகும். யாருக்கு? பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு. என் நண்பரின் கதையில் அது வளைகுடாவில் இருந்த பையனின் பழைய முகவரி.

இது சிறியவர்களுக்கு மட்டும் வரும் தவறல்ல. 1999 டிசம்பரில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் ஹொட்மெயில் சேவைக்குத் தேவையான ஒரு பெயரைப் புதுப்பிக்க மறந்தது. அமெரிக்காவில் ஒரு கணினி நிபுணர் தன் கையிலிருந்து 35 டொலர் கட்டி அதைப் புதுப்பித்துவிட்டார். அவர் நல்ல மனிதர் என்பதால் பிழைத்தார்கள்.

ஆகவே பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பதிவில் உரிமையாளராக யார் பெயர் போகிறது என்பதே. பாடசாலையின் பெயர் இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் பெயரும் கூடாது, பணம் கொடுக்கும் உங்கள் பெயரும் கூடாது. மின்னஞ்சல் பாடசாலைக்கென்றே திறக்கப்பட்டு, அதிபரும் அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ஆனால் அதே டொமைனில் அமைந்த முகவரியாக அது இருக்கக்கூடாது; பெயர் நின்றுபோனால் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். பதிந்தவுடன் அந்த முகவரியை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மடல் வரும். பதினைந்து நாளுக்குள் அதற்குப் பதில் கொடுக்காவிட்டால் பெயரையே இடைநிறுத்திவிடுவார்கள்.

விலையிலும் நமக்குத் தெரிந்த வியாபாரத் தந்திரம்தான். முதல் வருடம் மிக மலிவாகக் காட்டி, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பார்கள். வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். "உங்கள் பெயரின் தவணை முடிகிறது, இங்கே பணம் கட்டுங்கள்" என்று சம்பந்தமில்லாத ஆட்களிடமிருந்தும் கடிதங்கள் வரும். நீங்கள் வாங்கிய கொம்பனியின் பக்கத்துக்கு நேரே போய்ப் பார்க்காமல் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

எந்தப் பெயரை வாங்குவது? இங்கேதான் நமக்கு உண்மையான சிக்கல். ஸாஹிரா என்றால் கொழும்பிலும் ஸாஹிரா, கல்முனையிலும் ஸாஹிரா, கம்பளையிலும் மாத்தளையிலும் புத்தளத்திலும் ஸாஹிரா. முந்தியவருக்கே பெயர். யாழ்ப்பாணத்தில் ஒஸ்மானியாக் கல்லூரி இருக்கிறது. ஆனால் இணையத்தில் ஒஸ்மானியா என்று தேடுபவர் முதலில் போய்ச் சேருவது ஹைதராபாத்தில் உள்ள ஒஸ்மானியாப் பல்கலைக்கழகத்துக்கு. நல்லூரும் அப்படித்தான். மூதூர்ப் பக்கம் ஒரு நல்லூர், தமிழகத்தில் எத்தனையோ நல்லூர்கள். ஆகவே பாடசாலையின் பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அதற்குமேல் எழுத்துக் கூட்டல் தொல்லை. நல்லூரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'யு' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போடுவார். கதீஜா என்ற பெயரை நாலு பேரிடம் எழுதச் சொன்னால் நாலு விதமாக எழுதுவார்கள். தொலைபேசியில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கேட்டவர் பிழையில்லாமல் எழுதினால் அந்தப் பெயர் சரி. இடையில் கோடு போட்ட பெயர்கள் இந்தச் சோதனையில் அநேகமாகத் தோற்கும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். வழமையாகப் பிழைவிடும் எழுத்துக் கூட்டலையும் சேர்த்து வாங்கிவைப்பது வீண் செலவல்ல.

இலங்கையின் டொட் எல்கே 1990 இல் தொடங்கியது. அதன்கீழ் பாடசாலைகளுக்கென எஸ்சிஎச் டொட் எல்கே என்ற தனிப் பிரிவு உண்டு. ஊர்ப் பாடசாலை ஒன்றுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். பார்த்தவுடன் இது பாடசாலை, இது இலங்கை என்று தெரியும். ரூபாவில் கட்டலாம் என்பதும் சிறிய விடயமல்ல. 2022 டொலர் நெருக்கடியில் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குக் கடனட்டையில் கட்ட வேண்டியிருந்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2010 முதல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உண்டு. அழகுதான், ஆனால் இதை மட்டும் நம்பியிராமல் ஆங்கில எழுத்துப் பெயருக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒருவர் பெயரில் வாங்கிவிட்டீர்களா? தவணை இருக்கும்போதே அவரைப் பிடியுங்கள். பதிவு விபரத்தை மாற்றுவதும், வேறு கொம்பனிக்குக் கொண்டுபோவதற்கான இரகசியக் குறியீட்டை எடுத்துத் தருவதும் அவருக்கு அதிக வேலையில்லை. அந்நியர் கைக்குப் போனபின் வழக்காடலாமே என்றால், டொட் கொம் பெயருக்கு உலக அறிவுசார் சொத்து நிறுவனத்திடம் முறையிடக் குறைந்த கட்டணமே 1500 டொலர். பெயரில் வர்த்தகக் குறி உரிமை உங்களுக்கு இருப்பதையும் காட்ட வேண்டும். ஊர்ப் பாடசாலை எங்கே போவது?

நண்பர் இப்போது வேறொரு பெயரை ஐந்து வருடத்துக்கு டியூட்டரியின் பெயரிலேயே பதிந்திருக்கிறார். கடவுச்சொல்லையும் தவணைத் திகதியையும் எழுதிய கடித உறை, வியாபாரப் பதிவுப் பத்திரத்தோடும் காணி உறுதியோடும் ஒரே கோப்பில் இருக்கிறது.