நிர்ப்பீடனமும் புற்றுநோய்த் தடுப்பும்

மாணவர்களே, நோயாக்கிகளை எதிர்க்கும் உடலின் ஆற்றல் நிர்ப்பீடனம் எனப்படும். வெண்குருதிக் கலங்கள் நோயாக்கியின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இனங்கண்டு பிறபொருளெதிரிகளை உருவாக்கும். ஞாபகக் கலங்கள் அதனை நினைவில் வைத்திருக்கும். தடுப்பூசியின் அடிப்படை இதுவே.

உதாரணம்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இதற்குக் காரணம் ஹியூமன் பப்பிலோமா வைரசு. இதனைக் கண்டறிந்த ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 2008 இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரசின் 16, 18 ஆம் வகைகளே இப்புற்றுநோயில் சுமார் 70% இற்குக் காரணமாகும். இதற்கான தடுப்பூசி இலங்கையில் 2017 இல் தரம் 6 மாணவிகளுக்கு அறிமுகமானது.

மாதிரி வினா: "ஊசி போட்டால் பிள்ளைப்பேறு பாதிக்கும்" எனத் தோட்டத்துத் தாய் ஒருவர் அஞ்சுகிறார். நீர் கூறும் விளக்கம் யாது?

விடை:
1. ஊசியில் வைரசின் உறைப் புரதம் மாத்திரமே உண்டு. பரம்பரைப் பொருள் இல்லை. எனவே அதனால் தொற்று ஏற்படாது.
2. பிள்ளைப்பேற்றைப் பாதிப்பதில்லை, மாறாகக் கருப்பைக் கழுத்தைப் பாதுகாக்கும்.

கவனிக்க: ஏற்கெனவே ஏற்பட்ட தொற்றை ஊசி குணப்படுத்தாது. ஆகவே 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் பெப் பரிசோதனை செய்தல் அவசியம். கொழுந்தெடுக்கும், பால் வெட்டும் நம் தாய்மார் ஒரு நாள் பேர் போகுமென்று இதைத் தள்ளிப்போடுவதுண்டு. பரீட்சைக்குப் படித்ததை வீட்டிலும் எடுத்துச் சொல்லுங்கள்.