வழக்கும் இணக்கமும்

மக்கள் கூடி வாழும் இயல்பினர். கூடி வாழுமிடத்துப் பிணக்குத் தோன்றுதலும் இயல்பே. நிலத்தின் எல்லை, தந்தை வைத்த பொருள், கொடுத்த கடன் முதலியன பற்றி எழும் பிணக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் ஆராய்ந்து முடிவு கூறுகின்றன. அம்முடிவு வழக்கைத் தீர்க்கும். மனத்திலுள்ள பகையைத் தீர்க்குமோ?

ஓர் ஊரில் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர் எனக் கொள்வோம். தந்தை விட்டுச் சென்ற வயலை இருவரும் பகிர்ந்துகொண்டனர். கிணறு தமையன் பங்கில் அமைந்தது. “தந்தை வெட்டிய கிணற்றின் நீர் எனக்கும் உரியது” என்றான் தம்பி. “கிணறு என் நிலத்தில் உள்ளது” என்றான் தமையன். வழக்கு மன்றம் ஏறிற்று. ஆண்டுகள் சென்றன. சாட்சிகள் முதுமை எய்தினர், கைப்பொருள் கரைந்தது, ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்லாராயினர். இனி எவர் வென்றாலும் தோற்றவர் மேன்முறையீடு செய்வர். பகையும் பிள்ளைகளுக்கு ஒரு சொத்தாகிவிடும்.

இத்தகைய வழக்குகளுக்கு மாற்று வழி காட்டுவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்த இப்பிரிவு, 2002-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. நடுவர் தீர்ப்பு, இணக்கம், மக்கள் நீதிமன்றம், சமரசம் முதலிய வழிகளுள் ஏற்றதொன்றிற்கு நீதிபதி வழக்கை அனுப்பலாம். மக்கள் நீதிமன்றத்தில் இருதரப்பாரும் இசைந்து பெறும் முடிவுக்கு மேன்முறையீடு இல்லை.

சமரசத்தின் பொருட்டு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ஆம் ஆண்டு தமிழ்நாடு சமரச மையம் தொடங்கப்பெற்றது. அங்குப் பயிற்சி பெற்ற சமரசர் ஒருவர் இருதரப்பாரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்பார். வேண்டின் தனித்தனியேயும் கேட்பார். தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவர்முன் கூறியவை மறைவாகக் காக்கப்பெறும். பின்னர் அவை நீதிமன்றத்திற் சான்றாகா. உடன்பாடு ஏற்படின், அதனை எழுதிக் கையொப்பமிட்டு நீதிமன்றத்திற் சேர்ப்பர். செலுத்திய வழக்குக் கட்டணமும் சட்டப்படி திரும்பக் கிடைக்கும். உடன்பாடு ஏற்படாவிடின், வழக்கு முன்போல நடைபெறும்.

“உரிமை எவருடையது?” என்று நீதிமன்றம் வினவும். “உமக்கு வேண்டுவது யாது?” என்று சமரசர் வினவுவார். தமையனுக்கு வேண்டுவது, கிணறு தன் கையை விட்டுப் போகாது என்னும் உறுதி. தம்பிக்கு வேண்டுவது, பயிர் வாடாமற் காக்கும் நீர். கிணறு தமையனுக்கே உரியதாக, நீரை முறைவைத்து இருவரும் இறைத்துக்கொள்ளலாம். தூர் வாருஞ் செலவைச் சரிபாதியாக ஏற்கலாம். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டுவதில்லை.

ஆயினும், எல்லா வழக்கும் இவ்வழிக்கு ஏற்றதன்று. பொய்ப் பத்திரம் புனைதல், ஏமாற்றுதல் போன்ற கடுங்குற்றச்சாட்டு உள்ள வழக்குகளை இங்ஙனம் அனுப்புதல் தகாது என 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. வலியார் மெலியாரை அச்சுறுத்திப் பெறும் இசைவும் இணக்கமாகாது. அத்தகைய இடத்தில் மெலியார்க்கு அரண் நீதிமன்றமே.

உரிமையை நிலைநாட்டத் தீர்ப்பு வேண்டும். உறவை நிலைநாட்ட விட்டுக்கொடுக்கும் மனம் வேண்டும். நீதிமன்றம் தீர்ப்பை அளிக்க வல்லது. விட்டுக்கொடுக்கும் மனத்தையோ வழக்காடுவோரே கொண்டுவருதல் வேண்டும்.