வெள்ளோட்டத்துக்கு முன்: கட்டட ஆற்றல் மேலாண்மையும் பழவேற்காடு தரும் படிப்பினையும்

முன்னுரை

புதிதாகச் செய்த தேரையும் படகையும் முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதனை வெள்ளோட்டம் என்பது தமிழ் வழக்கு. பொறியியலார் 'கமிஷனிங்' என வழங்கும் செயலுக்கு நெருங்கிய சொல் இதுவே எனலாம். கட்டட ஆற்றல் மேலாண்மை அமைப்பு ஒன்றை வெள்ளோட்டத்துக்கு ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதைப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்களின் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பும் அதன் தேவையும்

குளிரூட்டி, விளக்கு, நீரேற்றி ஆகியவற்றின் நிலையை உணர்கருவிகளால் அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே மின்சாரம் செலவாகுமாறு கணிப்பொறியின் துணையால் நடத்தும் ஏற்பாடே கட்டட ஆற்றல் மேலாண்மை அமைப்பு. நம் நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வெளிவந்தது. ஐதராபாத்தில் 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்த பசுமை வணிக மையமும், 2010இல் திறக்கப்பெற்ற சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும் 'லீட்' என்னும் பசுமைத் தரச்சான்று பெற்றவை. அச்சான்றை விரும்பும் கட்டடம், தன் ஆற்றல் அமைப்புகள் முறைப்படி சோதித்து இயக்கி வைக்கப்பட்டன என மெய்ப்பித்தல் கட்டாயம். கருவிகளை வாங்கிப் பொருத்துவதோடு கடமை முடிவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

மாநகரக் கட்டடங்களுக்கு மட்டுமே உரியது இப்பாடம் என எண்ணற்க. பழவேற்காட்டில் மீனையும் இறாலையும் காக்கும் ஒரு குளிர்சேமிப்புக் கூடத்தை எண்ணிப் பார்ப்போம். மின்கட்டணம் ஏறினால் அச்சுமை மீனவர் பெறும் விலையில் வந்து விழும். குளிர் தவறினாலோ ஒரு நாள் உழைப்பு முழுவதும் பாழாகும். எனவே அக்கூடத்தின் அமைப்பு மெய் பேசுகிறதா என்பது குடும்பங்களின் பிழைப்பைப் பற்றிய வினாவாகும்.

அளவை மெய்யாதல்

ஆயத்தத்தின் முதற்படி, உணர்கருவிகள் அனைத்தையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது. எந்தக் கம்பி எந்தக் கருவியிலிருந்து வருகிறது, கணிப்பொறித் திரையில் அது எப்பெயரால் தோன்றுகிறது என்பனவற்றை இருவர் நின்று ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவர் கருவியின் அருகில் நிற்க, மற்றவர் திரையை நோக்குவார்.

வெப்ப உணரியைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. நன்னீரால் ஆன பனிக்கட்டியை நொறுக்கி நன்னீரில் இட்டால் அக்கலவை 0 பாகை செல்சியசில் நிற்கும். அதனுள் வைத்த உணரி 2 பாகை காட்டினால் அதன் பிழை 2 பாகை என அறிந்து குறித்துக்கொள்ளலாம். ஏரி நீரை இதற்குப் பயன்படுத்தலாகாது. உப்பு கலந்த நீரின் உறைநிலை தாழ்ந்துவிடும். கோடையில் உவர்ப்பு மிகுந்தும் மழைக்காலத்தில் குறைந்தும் நிற்பது இவ்வேரியின் இயல்பு. ஆதலால் பிழையின் அளவும் ஒருபடித்தாய் இராது.

மின்னளவையில் நேரும் பிழை இதனினும் நுட்பமானது. மின்னோட்டத்தை அளக்கும் மாற்றியைத் தொழிலாளர் 'சி.டி.' என்பர். 200/5 என்னும் சி.டி.யைப் பொருத்திவிட்டு அளவையில் 100/5 எனப் பதிந்தால், செலவு பாதியாகவே தோன்றும். மூன்று கட்டங்களிலும் சமமான சுமை இருக்கையில் ஒரு சி.டி. மட்டும் தலைகீழாக இருந்தால், மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கே திரையில் காணும். மின்சாரம் மிச்சமாயிற்று என மகிழ்வோர் உண்மையில் தவற்றைக் கண்டே மகிழ்கின்றனர்.

இடத்துக்கேற்ற திருத்தம்

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் உள்ள பழைய சூரியக் கடிகாரம் ஈண்டு நினைக்கத்தக்கது. இந்தியப் பொதுநேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைச் சார்ந்தது. பழவேற்காடோ ஏறத்தாழ 80.3 பாகையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக, ஊர்நேரம் பொதுநேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தும். ஆண்டின் நாளைப் பொறுத்து 16 நிமிடம் வரை வேறொரு திருத்தமும் வேண்டும். கருவியில் குற்றம் இல்லாதபோதும், இடமும் காலமும் அறிந்து திருத்தினாலன்றி அதன் கூற்றைப் பொதுநேரமாகக் கொள்ள இயலாது. வேறோர் ஊருக்கு எழுதிய கட்டளை நிரலை அப்படியே இவ்வூர்க் கட்டடத்தில் ஏற்றுவதும் இத்தகையதே.

உப்புக்காற்று இங்குள்ள மற்றொரு பகை. அது செம்புக் கம்பியின் முனைகளை அரிக்கும். ஆகவே கருவிப் பெட்டிகளின் மூடிகள், கம்பி நுழையும் துளைகள், மண்ணிணைப்பு ஆகியவற்றை வெள்ளோட்டத்துக்கு முன்னரே நன்கு ஆராய்தல் இன்றியமையாதது.

முறையும் ஒழுங்கும்

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் வழக்கம் உண்டு. ஏரியில் வலை வைக்கும் இடங்களை உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். யார், எங்கு, எப்போது என்பது வலை வீசும் முன்னரே தெளிவாக இருப்பதனால் பூசல் குறைகிறது. ஆற்றல் அமைப்பிலும் இத்தகைய முறை முன்னரே எழுதப்பட வேண்டும். மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது குளிரூட்டும் பொறிகள் யாவும் ஒருசேரக் கிளம்பினால் சுமை மிகுந்து மீண்டும் மின் துண்டிக்கப்படும். ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுக் கிளம்புவதே முறை. கணிப்பொறி பழுதானால் கையால் இயக்கும் வழியும் இருத்தல் வேண்டும். வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி இவ்விரண்டையும் சோதித்துப் பார்த்தல் நன்று. கூடத்தில் சரக்கு ஏற்றுவதற்கு முன்னரே இச்சோதனை முடிய வேண்டும்.

முன்னைய செலவுக் கணக்கும் வேண்டும். கோடைக்கும் மழைக்காலத்துக்கும் செலவு வேறுபடுமாதலால், இயன்றவரை ஓராண்டுக் கட்டணச் சீட்டுகளைத் தொகுத்து வைத்தாலன்றிப் பின்னர் கிடைத்த மிச்சம் இவ்வளவு எனக் கூற இயலாது.

முடிவுரை

இறுதியாக, நாள்தோறும் அமைப்பை நடத்துவோர் வெள்ளோட்டத்தில் உடனிருத்தல் வேண்டும். சோதனைத் தாள்களும் கையேடும் அவர்கள் வாசிக்கும் தமிழில் அமைதல் வேண்டும். எச்சரிக்கை மணி ஒலிக்கையில் அதன் பொருள் விளங்காத ஊழியர் அதனை அணைத்துவிடுவதையே அறிவார். இங்குதான் தமிழ்த்துறை மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. படகுக்கு வெள்ளோட்டம், நீர்ப்பங்கீட்டுக்குப் பாடு எனச் சொல் ஆக்கிய மக்களின் மொழிக்கு, புதிய கருவிகளின் கையேட்டை எழுதும் ஆற்றல் இல்லாமற் போகாது. பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கே அமர்ந்து அத்தகைய கையேடொன்றை ஆக்குவாராயின், ஏரிக்கரைக் கூடங்களில் பணிபுரிவோர்க்கு அது நீங்காத் துணையாகும்.