சீட்டு எழுதிக் குலுக்கலாமா?



மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டி, நம்ம திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலும் குடமுருட்டியிலும் தண்ணி வந்துவிட்டால் எல்லார் வீட்டிலும் ஒரே வாரத்தில் பணம் வேணும். விதைநெல், உழவு, நடவுக்கூலி என்று செலவு வரிசைகட்டி நிற்கும். அந்த வாரக் குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டு ஐந்து பேர் எழுந்தால், கையிருப்பு ரெண்டு பேருக்குத்தான் வரும். யாருக்குக் கொடுப்பது? சத்தமாகப் பேசுகிறவருக்கா? ஊக்குநருக்கு வேண்டியவருக்கா? நல்லா நடந்துவந்த குழுகூட இந்த இடத்தில் முகம் திருப்பிக்கொள்கிறது. வாங்காதவர் அடுத்த மாதம் சந்தா கட்ட வரமாட்டார்.

இதற்குக் குலுக்கல் ஒரு வழி. நமக்குப் புதுசு இல்லை. குலுக்குச்சீட்டு தெரியும். கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப்போட்டு, குழந்தையை எடுக்கச் சொல்வதும் தெரியும். ஆனால் எப்போது குலுக்கணும், எப்போது கூடாது என்பதில்தான் கவனம் வேணும்.

நம்ம சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்திலேயே இதற்குச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் கோயில் சுவரில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலை மூலம் எடுத்தார்கள். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு தனிக் குழு!

இதில் நாம் பார்க்க வேண்டியது, குடத்துக்குள் யார் பெயரையும் அப்படியே போட்டுவிடவில்லை என்பது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும். முந்தின மூன்று வருடம் வாரியத்தில் இருந்தவர் பெயரைப் போடக்கூடாது. கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவரது நெருங்கிய உறவினர் பெயரையும் சேர்க்கக்கூடாது. இதெல்லாம் கழித்த பிறகே குடம். முதியவர் ஒருவர் குடத்தை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்கணும். விரலிடுக்கில் வேறு ஓலை வைத்திருக்க முடியாதே! (அந்தச் சபை பிராமணர் சபை. நம்மைப் போன்ற பெண்களுக்கு அதில் இடம் கிடையாது. முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

நம் குழுவிலும் முதலில் பேசணும். ஐந்து பேரில் ஒருவர் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அவருக்குக் குலுக்கல் எதற்கு? கொடுத்துவிட வேண்டியதுதான். பழைய கடன் தவணை தவறி நிற்கிறவர் பெயர் சீட்டில் வரக்கூடாது. இப்படிக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறவர்கள் தேவையிலும் தகுதியிலும் சமமாக இருந்தால், அப்போது சீட்டு எழுதலாம். அங்கே யார் தீர்மானித்தாலும் பாரபட்சம் என்றுதான் பேச்சு வரும். சீட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது.

இன்னொன்று. "போன தடவை எனக்கு விழவில்லை, இந்தத் தடவை கட்டாயம் விழும்" என்று சிலர் நம்புவார்கள். சீட்டுக்கு ஞாபகம் கிடையாது. ஐந்து பேரில் ரெண்டு பேருக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் ஐந்துக்கு ரெண்டுதான். ஒருத்தருக்கே மூணு தடவை விழாமலும் போகலாம். அதனால் ஒரே குலுக்கலில் ஐந்து சீட்டையும் வரிசையாக எடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை எழுதிவிடுவது நல்லது. பணம் திரும்பி வரவர அந்த வரிசைப்படியே கொடுக்கலாம். பயிற்சிக்குப் போவது, தையல் ஆர்டர் பிரிப்பது, தெளிப்பானை முதலில் யார் எடுப்பது, இதற்கெல்லாமும் இது பொருந்தும்.

இதை லாட்டரியோடு குழப்பக்கூடாது. லாட்டரியில் கூலிக்காசைக் கொட்டிக் குடும்பங்கள் அழிந்ததால்தான் 2003-ல் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள். நம் குலுக்கலில் யாரும் காசு வைப்பதில்லை, யாரும் தோற்பதும் இல்லை, முறை மட்டும் முன்னே பின்னே ஆகும்.

வீட்டுக் காரியத்திலும் ஒரு உபயோகம் உண்டு. ஆடு வாங்குவதா, கோழி வளர்ப்பதா என்று பத்து நாளாக மனசு ஊசலாடுகிறதா? ரெண்டு சீட்டு எழுதி ஒன்றை எடுங்கள். "கோழி" என்று வந்ததும் மனசு சுருக்கென்றால், உங்களுக்கு ஆட்டின்மேல்தான் விருப்பம் என்று தெரிந்துவிடும். அப்புறம் சீட்டைக் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை. ஆனால் குழுவில் அப்படிச் செய்யக்கூடாது. எடுத்த பிறகு "இன்னொரு தடவை குலுக்கலாம்" என்றால் அந்த முறையே கெட்டுப்போகும்.

அதனால் குலுக்குவதற்கு முன்பே, யார் யார் பெயர், எதற்காக, வரிசை எப்படி என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். சீட்டுகள் ஒரே அளவுத் தாளில், ஒரே மாதிரி மடித்திருக்கணும். வெறும் சொம்பைக் கவிழ்த்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை எடுக்கட்டும். எடுத்த சீட்டை ஊக்குநர் மட்டும் படித்து மடித்துவிடாமல், வட்டமாக எல்லார் கைக்கும் கொடுத்துப் பார்க்கச் சொல்லி, நோட்டில் ஒட்டி வையுங்கள்.