சிப்பிப்பாறை நாயைச் சொல் கேட்கப் பழக்கும் முறை

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரின் பெயர் தாங்கிய சிப்பிப்பாறை நாயும், அதன் நெருங்கிய இனமான கன்னி நாயும் தென்மாவட்டக் கரிசல் காட்டில் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. இரையைக் கண்ணால் கண்டதும் ஆளின் ஏவலுக்குக் காத்திராமல் ஓடிப் பிடிப்பது இவற்றின் பிறவிக்குணம். ஆகவே, கூப்பிட்டும் திரும்பாத நாயை அறிவற்றது என்று எண்ணலாகாது. ஆனால் பழக்காமல் விட்டால் அடுத்தவர் ஆட்டுக்குட்டியைக் கடித்துவிடும். நஷ்டஈடும் ஊர்ப்பகையும் வந்து சேரும். சில வேளை நாய்க்கு விஷச்சோறும் வைத்துவிடுவார்கள்.

குட்டிப் பருவம்

எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வீட்டார் அனைவரும் ஒரே சொல்லால் அழைக்க வேண்டும். ஒருவர் 'வா' என்றும், மற்றவர் சீட்டியடித்தும் அழைத்தால் குட்டி குழம்பும். அடைப்புள்ள இடத்தில், தீனி வைக்கும் முன், பெயரைச் சொல்லி ஒரே ஒரு முறை 'வா' என அழைக்கவும். வந்ததும் அவித்த முட்டைத் துண்டு கொடுத்துத் தடவிக் கொடுக்கவும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை போதும். அதற்கு மேல் நீட்டினால் சலித்து விலகிவிடும்.

கயிற்றுப் பயிற்சி

நான்காம் மாதம் முதல் 30 அடி நூல்கயிற்றில் காட்டுக்கு அழைத்துச் செல்லலாம். இவ்வினத்தின் தலை ஒடுங்கியது. சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். 2 அங்குல அகலத் தோல்பட்டையை, இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கிக் கட்டவும். கயிறு விறைக்கும்வரை வேகமாக ஓடவிட்டால் கழுத்தில் காயம்படும்.

நாய் காதை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, ஓரிடத்தை உற்றுப் பார்க்கும். அதுவே அழைக்க வேண்டிய தருணம். ஓடத் தொடங்கிய பின் கூப்பிட்டால் காதில் ஏறாது. 'வா' என்ற சொல்லுக்கும் மதிப்புப் போய்விடும்.

ஆடு, கோழியிடம் பழக்குதல்

கயிற்றுடன் பட்டிக்கு 20 அடி தள்ளி நிற்கவும். ஆட்டைப் பார்த்த நாய் பார்வையைத் திருப்பி உங்களை நோக்கினால் உடனே தீனி கொடுக்கவும். நாளடைவில் சிறிது சிறிதாக நெருங்கலாம். கொன்ற கோழியை நாயின் கழுத்தில் கட்டுவதால் பயனில்லை. தாமதமாகத் திரும்பிய நாயையும் அடிக்கலாகாது. அடித்தால், திரும்பி வந்ததற்கே அடி என்று அது எடுத்துக்கொள்ளும், மறுமுறை வராது.

கவனிக்க வேண்டியவை

நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் சொல் கேட்காது. காலை, மாலை அரைமணி நேரமாவது அடைப்புள்ள தோட்டத்தில் ஓடவிட வேண்டும். திறந்த கிணறு இருந்தால் முள்வேலி இடவும். முயல் வேட்டைக்கு நாயை ஏவுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மூன்றாம் மாதத்தில் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் தேதியில் மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஊசியும் போடவும்.

எவ்வளவு பழகிய நாயானாலும், சாலையோரத்திலும் பிறர் மந்தை அருகிலும் கயிற்றை அவிழ்க்காமல் இருப்பதே நல்லது.