கட்டுத்தரைக்கு மின்சாரம்: நான்கு வழிகள், எது உங்கள் தோட்டத்துக்கு?

கொங்குத் தோட்டங்களில் மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது கிணற்றுக்கு. 1930-களில் பைகாராவில் உற்பத்தியான நீர்மின்சாரம் கோவையின் மில்களை ஓட்டியது. பின்னாளில் கிணறுகளில் ஏற்றத்தையும் மாடு கட்டி இறைக்கும் கவலையையும் ஓரங்கட்டி மோட்டாரைக் கொண்டுவந்தது. சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, விளக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. கட்டுத்தரை, ஆட்டுப்பட்டி, கோழிக் கொட்டகை, தேங்காய்க் களத்துக் குடோன் எல்லாம் வரிசையில் கடைசி. அதனால் இவற்றுக்குப் போகும் லைன் பெரும்பாலும் ஒரே ஒரு பல்புக்காக இழுத்த வயராகவே இருக்கிறது. பிறகு தட்டு வெட்டும் மெஷின் வருகிறது, பால் கறக்கும் மெஷின் வருகிறது, கழுவிவிட ஒரு சின்ன மோட்டார் வருகிறது. எல்லாம் அதே வயரில்.

ஆகவே இன்று எரியப்போகும் பல்பை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐந்து வருடத்தில் அங்கே வந்து உட்காரப்போகும் மோட்டாரை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் தூரமும் லோடும்

வீட்டு மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்கு எத்தனை அடி, அங்கே ஒரே நேரத்தில் என்னென்ன ஓடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் உதாரணம்: தூரம் 300 அடி, சிங்கிள் பேஸில் ஓடும் 2 எச்.பி. தட்டு வெட்டும் மெஷின். அது சுமார் 12 ஆம்பியர் எடுக்கும். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போட்டால் வழியிலேயே 19 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயர் எம்.எம். என்றால் 8 வோல்ட். 10 என்றால் 5 வோல்ட். மோட்டார் கிளம்பும்போது நான்கைந்து மடங்கு ஆம்பியர் இழுக்கும். மெலிந்த வயரில் அந்த நொடியில் 80, 90 வோல்ட் வரை சரியும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், காயில் கருகும். சாயங்காலத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் குறையும் ஊர்களில் இது இன்னும் மோசம். அலுமினியக் கேபிள் விலை குறைவு. ஆனால் 10 செம்பு செய்யும் வேலைக்கு 16 அலுமினியம் வேண்டும்.

கிணற்று லைனிலிருந்து ஒரு கம்பி?

பக்கத்திலேயே மோட்டார் ரூம் இருக்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. வேண்டாம். இலவச விவசாய இணைப்பு எந்த வேலைக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான். அதிலிருந்து சாளைக்கு விளக்கோ, தறியோ, கட்டட வேலையோ ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட நேரும். மாடும் கோழியும் விவசாயம் சார்ந்த தொழில்தானே என்று சொல்பவர்கள், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கம்பியைத் தொடட்டும். தவிர, 7.5 எச்.பி. மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தாழும் வோல்டேஜ் கேமராவுக்கும் பால் மெஷினுக்கும் நல்லதில்லை.

மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு இந்த மண்ணில்தான் விவசாயிகளைத் திரட்டினார். இத்தனைக்கும் பிறகு கிடைத்த சலுகை இந்த இலவச மின்சாரம். ஒரு கொட்டகை விளக்குக்காக அதைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது.

வழி 1: கம்பம் நட்டு மேலே இழுப்பது

செலவு குறைவு. பாறையும் சுக்கான்கல்லுமாக இருக்கும் நிலத்தில் குழி தோண்டும் வேலையும் மிச்சம். ஆனால் தென்னந்தோப்பில் இது சரிப்படாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆடி மாதக் காற்றில் விழும் ஒரு மட்டை போதும், கம்பி அறுந்து தொங்கிவிடும். வண்டித் தடத்தைக் கடக்கும் இடத்தில் 19 அடிக்குக் குறையாமல் உயரம் வேண்டும். தட்டு ஏற்றிய டிராக்டர் அடியில் போகும் என்பதை மறக்காதீர்கள். மரத்தில் கட்டி இழுப்பது, வேலிக்காலில் சுற்றி விடுவது இரண்டும் ஆபத்து. திறந்தவெளியில், 150 அடிக்குள், விளக்கும் ஃபேனும் மட்டும் என்றால் இந்த வழி போதும்.

வழி 2: மண்ணுக்குள் ஆர்மர்டு கேபிள்

முதலில் கை கடிக்கும். பிறகு வருடக்கணக்கில் தொந்தரவு இராது. இரண்டரை அடி ஆழம் தோண்டி, மணல் பரப்பி, கேபிளை வைத்து, மேலே மறுபடி மணல், அதன்மேல் செங்கல் வரிசை, பிறகு எச்சரிக்கை டேப். ரொட்டவேட்டர் அந்த ஆழத்துக்கு வராது. ஆனால் தென்னங்கன்றுக்கு மூன்றடிக் குழி எடுக்கும் ஜே.சி.பி. வரும். ஆகவே கேபிளை வரப்போரமாகக் கொண்டுபோங்கள், திரும்பும் இடங்களில் கல் நடுங்கள், வழியை வரைந்து பத்திரத்தோடு வையுங்கள். தடத்தையும் வாய்க்காலையும் கடக்கும் இடத்தில் பைப்புக்குள் விடுங்கள். கரிசல் மண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும். அங்கே கேபிளை விறைப்பாக இழுக்காமல் கொஞ்சம் தளர்த்தி, இரு முனையிலும் ஒரு சுற்று விட்டு வையுங்கள். நடுவில் ஜாயின்ட் போடுவதைத் தவிருங்கள்.

மோட்டார் ஓடும் கட்டுத்தரைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

வழி 3: தனி சர்வீஸ்

தூரம் 500 அடியைத் தாண்டினாலோ, த்ரீ பேஸ் தேவைப்பட்டாலோ, கொட்டகையில் நடப்பது தனித் தொழில் என்றாலோ இதுதான் வழி. சோமனூர், பல்லடம் பக்கம் தோட்டத்துக்குள் தறி போடுபவர்களுக்கு இதில் லாபமும் உண்டு. விசைத்தறி இணைப்புக்கு 2023 மார்ச் முதல் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். வீட்டு லைனில் தறி ஓட்டுபவர் விதியையும் மீறுகிறார், அந்தச் சலுகையையும் இழக்கிறார். கோழிப்பண்ணை, மில்க் கூலர், எண்ணெய்ச் செக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கட்டணப் பிரிவு மாறும். விண்ணப்பிக்கும்போது என்ன வேலை என்பதை உள்ளபடி எழுதுங்கள். கம்பமும் லைனும் நீட்ட வேண்டியிருந்தால் செலவும் காத்திருப்பும் கூடும்.

வழி 4: சோலார்

நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு பி.எல்.டி.சி. ஃபேன், ஒரு கேமரா: ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்குள் அடங்கும். கோவை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆகவே 200 வாட் பேனலும் 12 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரியும் இதற்குப் போதும். குழியும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மூடாக்கு இரண்டு மூன்று நாள் நீடித்தால் விளக்கைச் சிக்கனமாக எரிக்க வேண்டும். தட்டு வெட்டும் மெஷினை இதில் ஓட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 2024-இல் வந்த பிரதமர் சூர்யா கர் மானியம் வீட்டு இணைப்போடு சேரும் கூரை சோலாருக்கானது. தனியே பேட்டரியில் ஓடும் கொட்டகைக்கு அது கிடைக்காது.

எந்த வழியானாலும்

கரன்ட் கசிந்தால் மனிதரைவிட மாடு சீக்கிரம் சாகும். நான்கு காலும் ஈரத் தரையில் அகன்று நிற்கின்றன; முன்காலிலிருந்து பின்காலுக்குப் பாயும் மின்சாரம் இதயத்தைக் கடந்து போகிறது. ஆகவே கொட்டகைக்குத் தனி போர்டு, அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கொட்டகை அருகிலேயே எட்டடி ஜி.ஐ. பைப் இறக்கித் தனி எர்த் போடுங்கள். தகரக் கூரை, இரும்புத் தூண், தண்ணீர்த் தொட்டிக் குழாய் எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்விட்ச் போர்டு மாட்டின் நாக்குக்கும் கொம்புக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

பன்றிக்குப் பயந்து கொட்டகை லைனிலிருந்து வேலிக்குக் கரன்ட் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் கரன்ட் விட்ட வேலியில்தான் செத்தன. அடுத்தது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

யாருக்கு எது?

விளக்கும் கேமராவும் மட்டும், தூரம் அதிகம்: சோலார்.
விளக்கும் ஃபேனும், கிட்டத்தில், மரமில்லாத இடம்: மேலே கம்பி.
நாலைந்து மாடு, தட்டு வெட்டும் மெஷின், 500 அடிக்குள்: மண்ணுக்குள் கேபிள், செம்பில் 6-க்குக் குறையாமல், 300 அடி தாண்டினால் 10.
தறி, பண்ணை, செக்கு: தனி சர்வீஸ்.

இரண்டு கேபிளுக்கு நடுவே தயங்கினால், கூடுதல் கனமானதை எடுங்கள். அந்த விலை வித்தியாசம் மோட்டார் கருகாமல் காக்கும். ஒரு கறவை மாட்டின் விலைக்கு அருகில்கூட வராது.